அலைகரையில் நிற்கும் நெல்

வன்னியில் ஊர்ப்பெயர்களை எண்ணத் தொடங்கினால் பாதிக்கு மேல் குளத்தில்தான் முடியும். செட்டிகுளம், பாவற்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம் என்று அது நீண்டுகொண்டே போகும். குளம் என்றதும் நமது நினைவுக்கு வருவது கட்டும் துருசும் வானும், கட்டுக்குக் கீழே விரியும் வயலும்தான். கமக்காரன் கண் எப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்தை, அதாவது நீர் மெல்ல மெல்லப் பின்வாங்கிச் சேறும் புல்லுமாகக் கிடக்கும் அலைகரையை, மாடு மேய்ப்பவர்களையும் கொக்குகளையும் தவிர வேறு யாரும் அதிகம் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தைப் பற்றியது.

அங்கே ஒரு புல் வளர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அலைகரையில் திருட்டுத்தனமாக நெல் விதைத்துவிட்டார்கள் என்றே தோன்றும். கிட்டப் போனால் வேறுபாடு தெரியும். கதிர் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு மணிக்கும் நீண்ட வால் உண்டு. கையை வைத்தால் மணிகள் பொலபொலவென்று உதிர்ந்து சேற்றில் விழும். உமியை நீக்கினால் சிவந்த அரிசி. நமது பழைய அகராதிகள் இதைக் ‘குளநெல்’ என்கின்றன. வடமொழியில் நீவாரம். உழாமல், விதைக்காமல் விளைவது என்பதால் அக்காலத் துறவிகளின் உணவாக அது சொல்லப்பட்டது. இன்றும் வட இந்தியாவில் ‘தின்னி’ என்ற பெயரில் விரத நாள்களுக்கென்று அதைக் கடையில் விற்கிறார்கள். ஏர் படாத தானியம் என்பதுதான் அதற்குரிய மதிப்பு. 1965ல் சர்மா, சாஸ்திரி என்ற இரு இந்தியத் தாவரவியலாளர்கள் இந்த இனத்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது அந்தப் பழைய சொல்லையே எடுத்து ‘ஒரைசா நிவாரா’ என்றார்கள்.

இலங்கையில் காட்டுநெல் இனங்கள் ஐந்து உண்டு. இவ்வளவு சிறிய தீவுக்கு அது பெரிய எண்ணிக்கை. அவற்றுள் ஒன்று, ‘ஒரைசா ரைசோமாற்றிஸ்’, உலகில் வேறெங்கும் இல்லாதது. உலர் வலயத்தில், கோடையில் வெடித்துக் காய்ந்துபோகும் குட்டைகளின் ஓரங்களில் கிழங்கு போன்ற அடித்தண்டை மண்ணுக்குள் ஒளித்துவைத்து மழைக்குக் காத்திருக்கும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டங்கன் வோகன் 1990ல்தான் அதைத் தனி இனமென்று எழுதிவைத்தார். மனிதர் சந்திரனுக்குப் போய் இருபத்தொரு வருடங்களுக்குப் பிறகு! காலடியில் கிடப்பதைக் காண்பதற்கு நமக்கு எவ்வளவு காலம் செல்கிறது, பாருங்கள்.

இந்த ஐந்தில் நமது வயல் நெல்லோடு மிக நெருங்கிய இரத்த உறவு நிவாராவுக்கும் அதன் உடன்பிறப்பான ‘ரூபிபோகன்’ என்பதற்கும்தான். இவை வயல் நெல்லோடு இலகுவாகக் கலக்கும். ரைசோமாற்றிஸ் அப்படிக் கலக்காது. இந்தக் கலப்பு என்ற விடயம்தான் பின்னால் பெரிய கதையாகிறது. அதை விளங்கிக்கொள்ள நெல்லை விட்டுச் சற்றுக் கோதுமையின் பக்கம் போய்வர வேண்டும்.

மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில், ஸ்பெயினிலிருந்து சிரியா வரை, பாதையோரங்களிலும் கற்பாறைச் சரிவுகளிலும் ஒரு முரட்டுப் புல் வளர்கிறது. விஞ்ஞானப் பெயர் ஏஜிலொப்ஸ். அரபியில் தவ்ஸர் என்பார்கள். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் அதற்கு ஆட்டுப்புல் என்ற பொருளில் பெயர் வழங்குகிறது. கோதுமையின் கிட்டிய உறவு அது. நமது குளநெல்லைப் போலவே கதிர் முற்றியதும் தானாக உடைந்து சிதறும், கூர்மையான வால் வைத்திருக்கும், மனிதனுக்கு எளிதில் வசப்படாது. பிரான்சின் தென்கரையிலுள்ள ஆக்ட் என்ற ஊரில் எஸ்ப்ரி ஃபாப்ர் என்றொரு தோட்டக்காரர் இருந்தார். 1838 தொடங்கிப் பல வருடங்கள் இந்தப் புல்லின் விதையை விதைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்து மறுபடி விதைத்து, கடைசியில் அசல் கோதுமையைப் போன்ற பயிரைக் கண்டார். புல் கோதுமையாக மாறிவிட்டது என்று 1852ல் அவருடைய முடிவு அச்சேறியது. ஐரோப்பா பரபரத்தது. கொட்ரோன் என்ற தாவரவியலாளர் மட்டும் நம்பவில்லை. பக்கத்து வயலின் கோதுமை மகரந்தம் காற்றோடு வந்து இந்தப் புல்லில் விழுந்திருக்கிறது, ஃபாப்ர் வளர்த்தது கலப்புப் பிள்ளை என்றார். தன் கையாலேயே இரண்டையும் கலந்து அதே வடிவத்தை உண்டாக்கியும் காட்டினார். ஃபாப்ரின் விளக்கம் பிழைத்தது உண்மைதான். என்றாலும் அந்தத் தோட்டக்காரரை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. புல்லுக்கும் பயிருக்கும் நடுவில் மதில் கிடையாது என்பதை முதலில் கண்ணால் கண்டவர் அவர்தான்.

அவர் கண்டது எவ்வளவு ஆழமான உண்மை என்பது தொண்ணூறு வருடங்கள் கழித்தே வெளிச்சத்துக்கு வந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944ல் ஜப்பானில் கிஹாராவும் அமெரிக்காவில் மக்ஃபாடன், சியர்ஸ் என்ற இருவரும் ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள். நாம் ரொட்டி சுடும் கோதுமை ஒரு புல்லின் பிள்ளை அல்ல, மூன்று புற்களின் கூட்டு. அதன் மூன்று பங்கு மரபணுத் தொகுதிகளில் ஒன்று காஸ்பியன் கடற்பக்கத்து ஆட்டுப்புல் ஒன்றிடமிருந்து வந்தது. இன்னொன்று கிழக்கு மத்தியதரையின் ஆட்டுப்புல் ஒன்றோடு நெருங்கிய உறவுடையது. ஏறத்தாழ எட்டாயிரம், பத்தாயிரம் வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு கமக்காரனின் வயலோரத்தில், அவன் அறியாமலே, அந்தக் கலப்பு நிகழ்ந்திருக்கிறது. மாவு பிசைந்தால் இழுபட்டுப் பொங்கும் தன்மையில் பெரும்பங்கு காஸ்பியன் பக்கத்துப் புல்லின் கொடைதான்.

கோதுமை விளையாத வன்னிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கோதுமை மா விளையாத இடங்களைத்தான் அதிகம் ஆள்கிறது. 1980 முதல் திருகோணமலையில் பிறிமா ஆலை அரைத்த மாவு நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போனது. போர்க்காலத்தில் நிவாரணக் கூப்பனுக்கு அரிசியோடு மாவும் பருப்பும் சீனியும் கிடைத்தன. 2009ல் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டுக் கிடந்தபோது, நெல் விளைவித்துப் பழகிய கைகள் உலக உணவுத் திட்டத்தின் கோதுமை மாவைக் குழைத்து ரொட்டி தட்டின. அந்த முகாம்களின் சுற்றுவட்டாரத்துக் குளங்களோ காட்டுநெல்லுக்குரிய நிலம்.

இனி நெல்லுக்குத் திரும்புவோம். காட்டுநெல் ஒன்று உலகத்தின் சோற்றுப் பானையைக் காப்பாற்றிய சம்பவம் நமது காலத்திலேயே நடந்தது. 1960களின் இறுதியிலும் 70களிலும் தென்கிழக்காசிய வயல்களில் புல்குட்டை வைரசு என்ற நோய் பரவியது. கபிலத் தத்தியின் மூலம் பரவும் இந்த நோய் வந்த பயிர் குட்டையாகி, புற்றை போலக் கிளைத்து, கதிர் தள்ளாமல் நின்றுவிடும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எதிர்ப்புச் சக்தி தேடி 6,723 பயிர்நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒன்றிலும் இல்லை. காட்டினங்களையும் சோதித்தபோது ஒரே ஒரு மாதிரியில் அந்தச் சக்தி இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட நிவாரா, அதாவது நமது குளநெல்லின் சொந்தம். குர்தேவ் குஷ் தலைமையில் அதன் குணத்தைப் பயிர்நெல்லுக்கு மாற்றினார்கள். 1976ல் வெளிவந்த ஐ.ஆர். 36 அதைச் சுமந்துகொண்டு 80களில் ஒரு கோடிப் பத்து இலட்சம் ஹெக்டயரில் நின்றது. உதிர்ந்து சேற்றில் விழும், யாரும் அறுக்காத ஒரு புல் செய்த வேலை அது.

இதே வழியில் கோதுமைக்கும் ஆட்டுப்புல் கைகொடுத்திருக்கிறது. மேலே சொன்ன சியர்ஸ் 1956ல் மத்தியதரை ஆட்டுப்புல் ஒன்றின் இலைத்துரு நோய் எதிர்ப்பைக் கதிர்வீச்சின் துணையோடு கோதுமைக்குள் கொண்டுவந்தார். அதனால்தான் அறிவுள்ள நாடுகள் களையின் விதையையும் சேமிக்கின்றன.

அந்தச் சேமிப்புகளுள் பெரியது ஒன்று ஹலபுக்கு, அலெப்போ என்று உலகம் சொல்லும் நகருக்குத் தெற்கே தல் ஹத்யாவில் இருந்தது. 1977ல் தொடங்கப்பட்ட இக்கார்டா என்ற வறள்நில விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் விதைக் களஞ்சியம் அது. கோதுமை, பார்லி, கடலை, பருப்பு ஆகியவற்றோடு அவற்றின் காட்டு உறவுகளும், ஆட்டுப்புல்லின் பல இனங்களும் அங்கே குளிரில் உறங்கின. ஈராக்கின் அபூகுரைப்பில் இருந்த விதைக் களஞ்சியம் 2003 ஆக்கிரமிப்பின்போது சூறையாடப்பட்டது. நல்லவேளையாக 1996லேயே அங்கிருந்த விஞ்ஞானிகள் சில முக்கிய விதைகளை ஒரு பெட்டியில் போட்டு ஹலபுக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு ஹலபுக்கே தீ வந்தது. 2012ல் இக்கார்டா தன் தலைமையகத்தை அங்கிருந்து எடுத்தது. ஆனால் 2008லிருந்தே அது தன் விதைகளின் பிரதிகளை நோர்வேயின் துருவப் பகுதியில் ஸ்வால்பார்ட் மலைக்குள் இருக்கும் காப்பகத்துக்கு அனுப்பி வந்திருந்தது. 2015ல் அந்தக் காப்பகம் முதன்முதலாகத் திறந்து விதையைத் திருப்பிக் கொடுத்தது ஹலபின் விதைகளுக்காகத்தான். அவை லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைக்கப்பட்டுப் பெருகி, 2017ல் ஒரு பகுதி மறுபடி மலைக்குள் வைக்கப்பட்டது. அகதியாகிப் போன விதை, வேறு மண்ணில் முளைத்து, மீண்டும் பெட்டிக்குள் அடங்கியது.

வன்னிக்கு அப்படியொரு பெட்டி இருந்ததா என்று கேட்டால் பதில் ஓரளவுக்கு ஆம் என்பதே. கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையம் பாரம்பரிய நெல்லினங்களையும் காட்டினங்களையும் சேமித்து வைத்திருக்கிறது. அதற்கு முன்னமே நமது நெல்லின் சக்தி தெற்கே அறியப்பட்டிருந்தது. 1950களின் இறுதியில் பத்தலகொடவில் உருவாகி நாடெங்கும் பரவிய எச்-4 என்ற நெல்லின் பெற்றோரில் ஒன்று இந்தோனேசிய மாஸ், மற்றது முருங்கைக்காயன் 302. பெயரே அது யாருடைய வயலிலிருந்து போனது என்று சொல்கிறதல்லவா? மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் பெரியவெள்ளையும் அப்படியே பெயரளவிலாவது மிஞ்சியிருக்கின்றன. ஆனால் விதை ஒரு முறை எடுத்து வைத்தால் போதுமான பொருள் அல்ல. குளத்துக்குக் குளம் காட்டுநெல் மாறும். உவர் படிந்த முல்லைத்தீவுக் கரையோரக் குட்டையில் நிற்பதும் வவுனியாவின் மேட்டுக்குளத்தில் நிற்பதும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த வேறுபாடுகளைத் தேடி நிதானமாக நடக்கவேண்டிய காலத்தில் வன்னி ஒரு மூடிய நிலமாக இருந்தது. ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. நடுவில் கிடைத்தது நாலே நாலு வருடம். அதிலும் பாதையை விட்டிறங்கினால் கண்ணிவெடி.

மக்கள் இல்லாத வயலில் என்ன நடந்தது? இதை நமது சமூகத்தின் கதையோடு சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். அதில் தண்ணீரூற்று, முல்லைத்தீவு நகரம், நாச்சிக்குடா போன்ற வன்னிப் பெருநிலத்து ஊர்களும் அடங்கும். மாரிப் பயிருக்கான காலம் அது. முதல் மழைக்குப் புழுதி விதைப்பு முடிந்த வயல்களை, முளை கண்ட வயல்களை விட்டுவிட்டுப் போனார்கள். பின்னர் வந்த பத்தொன்பது வருடங்களில் தமிழ்க் கமக்காரர்களும் ஒருமுறை, இருமுறை அல்ல, ஊர் ஊராகப் பெயர்ந்தார்கள். 2009ன் முதல் மாதங்களில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் முழுமையாகவே வெறுமையாயின.

மனிதன் போன வயலுக்கு முதலில் வருவது புல். அடுத்து பற்றை. பிறகு பாலையும் வீரையும். வரம்பு கரைந்து, வாய்க்கால் தூர்ந்து, குளக்கட்டு உடைந்த இடத்தில் நீர் தன் பழைய பள்ளத்தைத் தேடிக்கொள்ளும். சேறு நிற்கும் பள்ளங்கள் குளநெல்லுக்குப் பொருத்தமான இடம். விதைத்த நெல்லின் எச்சமும் அதனருகே தானாக முளைத்து, தானாக உதிர்ந்து, மறுபடி முளைக்கும். ஆக்டில் ஃபாப்ரின் தோட்டத்தில் நடந்தது இங்கே ஆளில்லாமலே நடக்கக்கூடும்.

அதன் மறுபக்கம்தான் கமக்காரனை இன்று வாட்டுகிறது. களைநெல் என்பது வயல்நெல்லின் உடலும் காட்டுநெல்லின் குணமும் கொண்ட ஒரு பிறவி. நெல்லைப் போலவே முளைக்கும், இலையாலும் தண்டாலும் அடையாளம் தெரியாது. கதிர் வந்தபிறகே வால் நீண்டு காட்டிக்கொடுக்கும். அதற்குள் பாதி மணி உதிர்ந்து அடுத்த போகத்துக்கான விதையாகிவிட்டிருக்கும். இலங்கையில் இது ஒரு பிரச்சினையாக 1990களில்தான் உணரப்பட்டது. முதலில் அறியப்பட்ட மாவட்டங்களில் அம்பாறையோடு வவுனியாவும் ஒன்று. களைநாசினி எதுவும் வயல்நெல்லை விட்டுவிட்டு இதை மட்டும் கொல்லாது, இரண்டும் ஒரே இனம் என்பதால். விதைப்புக்கு முன் முளைக்கவிட்டு மருந்தடித்து அழிக்கலாம் என்றால், அதற்குப் பயன்பட்ட கிளைபொசேற் 2015ல் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை நீடித்தவரை நல்ல விதைநெல், நாற்று நடுகை, கையால் பிடுங்குதல் என்பவையே மிச்சமாக இருந்தன. கூலி கொடுத்துக் கட்டுபடியாகாத காலத்தில் கையால் பிடுங்கு என்பது சொல்வதற்கு எளிது.

களைநெல் காற்றில் பறந்து வருவதைவிட விதையோடு விதையாகவே அதிகம் பயணம் செய்கிறது. இலங்கைக் களைநெல்லின் மரபணுக்களை ஆராய்ந்து 2014ல் வெளியான ஆய்வு ஒன்றும் இதையே வலியுறுத்தியது. ஊருக்கு ஊர் போகும் அறுவடை மெஷினின் வயிற்றில், விலைகுறைந்த விதைநெல் மூட்டையில், கடனாக வாங்கிய சாக்கில் அது போகும். போர் முடிந்து மக்கள் மீண்டு வந்தபோது கையில் சொந்த விதைநெல் இல்லை. நிவாரணமாக வந்ததையும் வெளியே வாங்கியதையும் விதைத்தார்கள். அறுக்க வெளிமாவட்ட மெஷின்கள் வந்தன. களைநெல்லுக்கு இதைவிட நல்ல வாகனம் கிடைக்காது. அமெரிக்கக் கோதுமை வயல்களிலும் இதே சிக்கல்தான். அங்கே மத்தியதரைப் பக்கத்து ஆட்டுப்புல் ஒன்று கோதுமை விதையோடு கலந்து வந்து குடியேறி, கோதுமையோடு கலப்புக் கொண்டு, மருந்துக்கு மசியாமல் நிற்கிறது.

திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு வழக்கும் காத்திருந்தது. இருபது வருட மரம் வளர்ந்த நிலம் வயலா, காடா? உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைந்த குடும்பங்களிடம் மரத்தைக் காட்டி இது காடு என்று சொல்வது அதிகாரிகளுக்கு இலகு. பக்கத்து முசலியில் 2012 ஒக்டோபரிலும் 2017 மார்ச்சிலும் வெளியான வர்த்தமானிகள் அந்தக் கேள்விக்குக் காடு என்றே பதில் எழுதின. முல்லைத்தீவில் முஸ்லிம்களின் மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்படுவதாக எதிர்ப்பும் எழுந்தது. எதிர்ப்பவர்களும் இடம்பெயர்ந்து திரும்பியவர்களே என்பதுதான் இதில் மனதை அறுக்கும் விடயம். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காடு எந்த ஆண்டில் காடானது என்று கேட்காமல் எல்லைக்கல் நடுவது வரலாற்றை அழிக்கும் வேலை. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வரம்பு தெரியும், வாய்க்கால் தெரியும், உடைந்த துருசுக் கல் தெரியும். 1895ல் வெளியான ஜே.பி. லூயிசின் வன்னி மாவட்டக் கைந்நூலைப் புரட்டினால் குளங்களும் அவற்றின் கீழ் நடந்த கமமும் பதிவாகியிருப்பதைக் காணலாம்.

இதற்கிடையில் அலைகரையின் நிலைமை வேறு. 2009க்குப் பிறகு சிறு குளங்கள் பல திருத்தப்பட்டன. அது தேவையான வேலை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெக்கோ மெஷின் குளத்தின் அடிமண்ணை வழித்து எடுத்துக் கட்டில் போடும்போது, ஆழமற்ற சேற்று விளிம்பில் உறங்கும் விதைகளும் சேர்ந்தே போகின்றன. கட்டு உயர்ந்து நீர் ஆழமானால் விளிம்புச் செடிக்கு நிற்க இடமில்லை. வேறு சில குளங்களில் அலைகரையையே மண் நிரப்பி வேலி அடைத்துவிட்டார்கள், வவுனியா நகரத்துக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மிஞ்சும் குளநெல்லோ பக்கத்து வயலின் மகரந்தத்தை வாங்கி வாங்கித் தன் தனிக்குணத்தை இழந்துகொண்டிருக்கிறது. வயலுக்குக் களையும் குளத்துக்கு இழப்பும் ஒரே கலப்பிலிருந்து வருகின்றன.

மாரி நீர் வற்றத் தொடங்கும் மாதங்களில் குளநெல் முற்றும். அதன் விதையைச் சேகரிப்பதற்குப் பெரிய உபகரணம் ஒன்றும் வேண்டாம். கதிர் பழுக்கும் முன் அதன்மேல் ஒரு மெல்லிய துணிப்பையைக் கட்டிவிட்டால் உதிரும் மணி அதற்குள் விழும். பையின் மேல் குளத்தின் பெயர், கிராம சேவகர் பிரிவு, திகதி. ஒரு பாடசாலையின் விவசாயப் பாட மாணவர்கள் இரண்டு கிழமையில் செய்து முடித்துக் கன்னொறுவைக்கு அனுப்பக்கூடிய வேலை அது.